பிறந்தது இங்கே, ‘நுழைந்தது’ எப்போது?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. இந்தியக் குடியுரிமை எவ்வகையில் கிடைத்தது என்று அது கேட்கும். பிறப்பு, மரபுவழி, பதிவு, இயல்புரிமை (பல ஆண்டுகள் வசித்துப் பெறுவது) ஆகியவற்றுள் ஒன்றைக் குறிக்க வேண்டும். பெரும்பாலோர் யோசிக்காமல் ‘பிறப்பு’ என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நாங்கள் தயங்கி நிற்பது ஒவ்வொரு முறையும் அந்த ஒரு கேள்வியில்தான்.

இரண்டு வழக்குகளையும் ஒரு குடும்பத்தின் சான்றிதழ்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். இரண்டு வழக்குகளும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு 2022-ஆம் ஆண்டில் வந்தவை. இரண்டையும் தீர்த்தவர் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன். மனுதாரர்கள் இருவரும் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குத் தமிழ்நாட்டில் பிறந்த பெண்கள். முதலாமவர் 1986-இல் மண்டபத்தில் பிறந்தவர். இரண்டாமவர் 1993-இல் திருச்சியில் பிறந்தவர். வளர்ந்த விதம், படித்த மொழி, கையிலிருந்த அட்டைகள் ஆகியவற்றில் இருவருக்குமிடையே சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவரை நீதிமன்றம் இந்தியக் குடிமகள் என்று அறிவித்தது; மற்றவரைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்னது. அந்த ஏழு ஆண்டுகளுக்குள் நாடாளுமன்றம் போட்ட ஒரு கோடே இதற்குக் காரணம்.

அந்தக் கோட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் எதையும் பேச முடியாது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, இந்திய மண்ணில் பிறந்தவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பினாலேயே குடிமகன்; அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிறு விலக்குகள் மட்டுமே உண்டு. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும். முதல் கோடு 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அசாம் போராட்டமும் அண்டை நாடுகளிலிருந்து மக்கள் வருவது பற்றிய கவலையும் அதன் பின்னணி. இரண்டாவது கோடு 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது.

முதல் கோடு விழுந்த மாதத்தையும் கவனிக்க வேண்டும். 1987 ஜூலை 1-இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 29-ஆம் தேதி கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. போர் முடிந்துவிடும், வந்தவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று எல்லாரும் நம்பிய அந்தக் கோடைக்காலத்தில், மண்டபம் முகாமில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு இனி இந்த மண் உரிமையல்ல என்பதை யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள்.

முதல் வழக்குக்கு வருவோம். மனுதாரர் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார். அவர் இந்தியக் குடிமகள் அல்லர் என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பெற்றோர் இலங்கையர், தானோ முகாமில் பதிவு பெற்ற ஏதிலி (அகதி) என்பதே அலுவலக நோக்கில் போதுமான காரணமாக இருந்தது. அவர் வேறெந்த வாதத்தையும் நம்பி நீதிமன்றத்துக்குப் போகவில்லை. பிறப்புச் சான்றிதழை மட்டுமே கொண்டு போனார். பிறந்த இடம் மண்டபம், பிறந்த ஆண்டு 1986. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தத் தேதியையும் 3-ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, அவர் பிறப்பினால் குடிமகள் என்றும் பாஸ்போர்ட் வழங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இது புதிய கோட்பாடும் அல்ல: 1986-இல் இமாசலப் பிரதேசத்தில் பிறந்த திபெத்தியப் பெண் ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2010 டிசம்பரிலேயே இதே முடிவைச் சொல்லியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே விடையைப் பெறத் திருச்சி முகாமில் வாழ்ந்த இந்தப் பெண் மதுரைக்கு வழக்குப் போட வேண்டியிருந்தது என்பதுதான் இதில் உறுத்தும் செய்தி. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். முகாமிலிருந்து வாக்களிக்கப் போன முதல் ஆள் என்று செய்தித்தாள்கள் எழுதின. உண்மையில் சட்டப்படி அவர் பதினெட்டு வயதிலிருந்தே வாக்காளராக இருக்கத் தகுதியுள்ளவர். நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமையை வழங்கவில்லை. பிறந்த நாளிலிருந்து அவரிடம் இருந்ததை எடுத்துச் சொன்னது, அவ்வளவே.

இரண்டாவது வழக்கு அப்படி எளிதானதல்ல. 1993-இல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்திருக்க வேண்டும், இருவருமே இலங்கையர். எனவே பிறப்பினால் குடியுரிமை என்ற வாசல் அடைபட்டது. மிஞ்சியவை 5-ஆம் பிரிவின் பதிவும் 6-ஆம் பிரிவின் இயல்புரிமையும். இரண்டுமே ‘சட்டவிரோதக் குடியேறி’க்கு மூடப்பட்டவை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தவருக்கு அந்தப் பூட்டைத் திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2022 அக்டோபரில் நீதிபதி, அச்சட்டத்தின் பின்னுள்ள நெறி இலங்கைத் தமிழருக்கும் பொருந்தும் என்று கூறி, விண்ணப்பத்தை மாவட்ட நிர்வாகம் மேலே அனுப்பவும் மத்திய அரசு அதன்மீது முடிவெடுக்கவும் பணித்தார். மனம் ஒப்புகிறது, சட்டத்தின் சொல் ஒப்பவில்லை. நாடுகளின் பெயரை வரிசையாகச் சொல்லியிருக்கும் ஒரு சட்டத்தில் நான்காவது பெயரை நெறியின் பெயரால் சேர்ப்பது மேல்முறையீட்டில் நிற்கக்கூடிய வாதம் என்று நான் நினைக்கவில்லை. நிற்கக்கூடிய வாதம் வேறொன்று இருக்கிறது.

அது 2-ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டவிரோதக் குடியேறி என்பவர் யார்? செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் இந்தியாவுக்குள் ‘நுழைந்த’ அயல்நாட்டவர். அல்லது செல்லத்தக்க ஆவணத்தோடு ‘நுழைந்து’, அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் தங்கியவர். இரண்டு வகையிலும் நுழைதல் என்ற வினை இருக்கிறது. திருச்சி மருத்துவமனையில் பிறந்த குழந்தை எந்த எல்லையைக் கடந்து எங்கிருந்து நுழைந்தது? பெற்றோர் தனுஷ்கோடிக் கரையில் இறங்கியதை அந்தக் குழந்தையின் செயலாக எழுதிக்கொள்ளச் சட்டத்தின் எந்தச் சொல்லும் இடம் தரவில்லை. ஆனால் நடைமுறையில் முகாம் பதிவேட்டில் பெயர் ஏறிய கணத்திலேயே அக்குழந்தை பெற்றோரின் நிலையை அப்படியே பெற்றுவிடுகிறது. குற்றம் பரம்பரையாக இறங்காது என்பது நம் குற்றவியல் சட்டத்தின் அரிச்சுவடி. குடியேற்ற விஷயத்தில் மட்டும் அது இறங்குகிறது.

இந்தச் சொல் எவ்வளவு கனமானது என்பதை ஒரு குடும்பத்தின் சான்றிதழ்களில் கண்டேன். ஊரையும் முகாமையும் சொல்லப்போவதில்லை. தாய் 1985-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். தந்தை 1989-இல் வேறொரு முகாமில் பிறந்தவர். மகன் பிறந்தது 2006-இல். மூவருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து அந்தத் தாய் தரையில் வரிசையாக வைத்தார். மகனுடைய சான்றிதழில் பிறந்த இடம் அரசு மருத்துவமனை. குழந்தை பிறந்தபோது பெற்றோரின் முகவரி என்ற இடத்தில் முகாமின் பெயரும் வீட்டு எண்ணும். பெற்றோரின் நிரந்தர முகவரி என்ற இடத்தில் மன்னார் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயர். மகன் அந்தக் கிராமத்தைப் பார்த்ததில்லை, தந்தை பார்த்ததில்லை, தாயும் பார்த்ததில்லை. மூன்று தாள்களிலும் நிரந்தரமாக இருந்தது அந்த ஒரு முகவரிதான்.

இப்போது சட்டத்தை இந்தக் குடும்பத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். தாய் 1987-க்கு முன் பிறந்தவர். ஆகவே பிறப்பினால் இந்தியக் குடிமகள். அது அவருக்கே தெரியாது. மாதந்தோறும் ஏதிலிகளுக்கான பணக்கொடையைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். தந்தை 1989-இல் பிறந்தவர், குடிமகன் அல்லர். மகன் 2004-க்குப் பின் பிறந்தவன். பெற்றோரில் ஒருவர் குடிமகள், எனவே மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராக இருந்தால் அவன் பிறப்பினால் குடிமகன். தந்தை ‘நுழைந்தவரா’ இல்லையா என்ற ஒரு வினைச்சொல்லின் பொருளில் ஓர் இளைஞனின் நாடு தொங்கிக்கொண்டிருக்கிறது. இதைத் தாயிடம் எடுத்துச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி வேறு: “நான் சிட்டிசன்னு எழுதிக் குடுத்தா முகாம்ல பதிவ வெட்டிருவாங்களா அண்ணா? வீடு போயிருமா?” அதற்கு உறுதியான விடை சொல்ல என்னால் முடியவில்லை. உரிமை உள்ளவர்களே அதைக் கோரத் தயங்குவதற்கு அறியாமை பாதிக் காரணம். மீதிப் பாதி இந்த அச்சம்.

ஒரு கிளைக்கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் முகாம்வாசிகள் எல்லாரையும் ஒரே வகையினராக எண்ணும் வழக்கமான தவறு நேரும். முகாம்களில் இருப்போரில் கணிசமானோர் யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ பூர்விகமாகக் கொண்டவர்கள் அல்லர். தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழர். 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தப்படி பாஸ்போர்ட்டோடு கப்பலேறியவர் தாயகம் திரும்பியோர். அவர்களுக்கு இங்கே குடியுரிமையும் மறுவாழ்வுக் கடனும் உண்டு. கலவரத்துக்குத் தப்பிப் படகேறி வந்த அதே தோட்டத்து அண்டை வீட்டார் ஏதிலி; அவருக்கு முகாம். 1984-இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றதும், முதல் வழி அடைபட்டு இரண்டாவது வழி மட்டுமே மிஞ்சியது. 2019 ஜூனில், இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை, இவ்வளவு நீண்ட காலம் ஒருவரை நாடற்றவராக வைத்திருப்பது அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமைக்கு முரண் என்று கூறி, புதிதாக வரும் விண்ணப்பங்கள்மீது 16 வாரங்களுக்குள் முடிவெடுக்கச் சொன்னது.

எதிர்த் தரப்பின் வாதங்களை எளிதாகத் தள்ளிவிடுவோர் உண்டு. நான் அப்படிச் செய்யப்போவதில்லை. அயல்நாட்டவருக்கு உயிர்க்கும் தனிமனித விடுதலைக்குமான உரிமை உண்டு, ஆனால் நாட்டில் வசிக்கவும் குடியமரவுமான உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1951-ஆம் ஆண்டு ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2025 மே மாதம், தண்டனை முடிந்து நாடுகடத்தலை எதிர்கொண்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளும்போது, வருவோரையெல்லாம் ஏற்க இந்தியா சத்திரம் அல்ல என்ற பொருள்பட உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் கூறியது. அது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் (யு.ஏ.பி.ஏ.) தண்டனை பெற்றவரின் வழக்கு. முகாமில் பிறந்தவரின் வழக்கு அல்ல. இருந்தாலும் அந்தச் சொல் மறுநாளே முகாம் டீக்கடைகள்வரை வந்து சேர்ந்துவிட்டது, அச்சத்தோடு.

இன்னொரு வாதம் கடலுக்கு அப்பாலிருந்து வருகிறது. 2009 மே மாதம் போர் முடிந்தது. இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிந்து அந்நாட்டுக் குடியுரிமை பெறலாம். மலையகத்தவருக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் 2009-ஆம் ஆண்டுத் திருத்தமும் கதவைத் திறந்தன. அப்படியிருக்க, எல்லாரும் இங்கேயே தங்கிவிட்டால் வடக்கில் தமிழர் தொகை என்னாவது என்று ஈழத் தமிழ் அரசியலில் பலர் கேட்கிறார்கள். வெறும் உணர்ச்சிக் கேள்வி அல்ல இது: யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010-இல் 9 நாடாளுமன்ற இடங்கள், 2015-இல் 7, 2024-இல் 6. 1984-இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் பிள்ளைகளின் பிறப்பைத் தூதரகத்தில் பதியப் பல ஆண்டுகளாக உழைத்தது இந்த எண்ணத்தின் வழிப்பட்டதே. திரும்பிப் போக விரும்புவோருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நாட்டின் தேர்தல் இடங்களைக் காக்க, அந்நாட்டைக் கண்ணால் காணாத முப்பது வயதுப் பெண்ணை ‘திரும்பு’ என்று சொல்வதில் அந்த வினைச்சொல்லே பொருந்தவில்லை. போனவர்தானே திரும்ப முடியும்?

கட்டாய நாடுகடத்தல் பெரிய அளவில் இங்கே நடப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21-க்குப் பிறகு நிலைமை இறுகியது. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டபோது அது உண்மையில் அவர்களின் விருப்பமா என்ற கேள்வி எழுந்து, அதைச் சரிபார்க்க ஐ.நா. ஏதிலியர் ஆணையம் சென்னையில் இடம்பெற்றது. அதன்பின் அரசின் வழி, அனுப்பாமலும் ஏற்காமலும் வைத்திருப்பதாகவே இருந்துவருகிறது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், வெளியே காவல்துறைப் பதிவோடு 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும் வாழ்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும், குடும்பத் தலைவருக்கான பணக்கொடையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தவும் முன்வந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரும் அப்போதுதான் மறுவாழ்வு முகாம் என மாறியது. வீடு நன்றாகவே இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம். ஓடு மாற்றி கான்கிரீட் போடலாம், மாநிலத்தால் தேதியை மாற்ற முடியாது. மாநிலக் கட்சிகளில் ஒன்று இரட்டைக் குடியுரிமை கேட்டுவந்ததும் பயனில்லாத கோரிக்கையே. இந்தியச் சட்டம் அதற்கு இடந்தருவதில்லை.

ஒரே ஒரு அண்மை மாற்றம் கூர்ந்து படிக்கத் தக்கது. 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுக் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, உடன் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9-க்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனை விதிகளிலிருந்து விடுவித்தது. அது குடியுரிமை தரவில்லை. ஆனால் இதே வரிசையை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்: பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு 2015 செப்டம்பரில் முதலில் இத்தகைய விலக்கு, நான்கு ஆண்டுகள் கழித்து, அந்த விலக்கைப் பெற்றவர் சட்டவிரோதக் குடியேறி ஆகார் என்ற திருத்தம், 2024 மார்ச்சில் விதிகள். இலங்கைத் தமிழருக்கு முதல் படி போடப்பட்டிருக்கிறது. இரண்டாவது படி நாடாளுமன்றத்தில் இருக்கிறது. நாடாளுமன்றத்தால் முடியாததும் அல்ல இது. அசாமுக்கென்றே எழுதப்பட்ட 6ஏ பிரிவு, 1966 ஜனவரி 1 முதல் 1971 மார்ச் 25-க்கு முன்புவரை எல்லை தாண்டி வந்தவர்களுக்கே பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் குடியுரிமை தருகிறது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. நுழைந்தவருக்கே தேதி குறித்துத் தர முடிந்த நாடு, நுழையாமல் பிறந்தவருக்குத் தர முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் புலப்படவில்லை.

அந்த 2006-ஆம் ஆண்டுப் பையனுக்கு இப்போது வயது கூடிவிட்டது, பொறியியல் முடிக்கப்போகிறான். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, குடியுரிமைக் கேள்வியில் நின்று, இந்தப் பக்கம் வந்தவன். வளாக நேர்காணலுக்கு வந்த நிறுவனம் ஒன்று பாஸ்போர்ட் எண் கேட்டதாம். தாயின் பிறப்புச் சான்றிதழை முதலில் வைத்து, தந்தையின் சான்றிதழை இரண்டாவதாக வைத்து, 2-ஆம் பிரிவின் அந்த ஒரு சொல்லைக் கோடிட்டு, ஒரு பக்கக் கடிதம் எழுதி இணைத்திருக்கிறோம். விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வந்தபோது அவன் என் முகத்தைப் பார்த்தான். “பிறப்பு” என்று சொன்னேன். குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான்.